ராப்பில் நுட்பத் திறன் வரிகளின் ஆழத்தை மிஞ்ச முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: உங்கள் நண்பர் மூச்சு விடாமல் அதிவேகமாகப் பாடும் ஒரு ராப்பரை மேதை என்று கொண்டாடுகிறார். உங்களுக்கோ அந்த வரிகளை எழுத்தில் படித்துப் பார்த்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை என்று தோன்றுகிறது. நுட்பத் திறன் வரிகளின் ஆழத்தை மிஞ்சிவிட முடியுமா, அண்மையில் எழுதத் தொடங்கியிருக்கும் நீங்கள் இரண்டில் எதை முதலில் பழக வேண்டும் என்று கேட்கிறீர்கள். கேள்வியை இரண்டு மூன்று முறை படித்ததில், நீங்கள் தராசைத் தேடி வரவில்லை என்றே எனக்குப் படுகிறது. காகிதத்தில் வெறுமையாகத் தெரியும் ஒன்று காதில் நிறைவாக இருக்கலாமா, அப்படி இருந்தால் அந்த நிறைவை நம்பலாமா என்பதுதான் உங்கள் ஐயம். அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

எனக்கு இதில் உள்ள தகுதியையும் குறையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 14 ஆண்டுகளாகக் குரல் ஒலிப்பதிவு என் தொழில். அதில் பாதிக்கு மேல் ராப் பாடுபவர்களோடு கழிந்தது. கல்லூரியில் தமிழ் படித்தவன் என்பதால் யாப்பும் அணியும் ஓரளவு முறையாகக் கற்றவை. ஆனால் மேடையேறி ஒரு வரிகூடப் பாடியவன் இல்லை. இருவர் எதிரெதிரே நின்று வரிகளால் மோதிக்கொள்ளும் பேட்டில் மேடையைப் பார்வையாளனாக மட்டுமே அறிவேன். ஆகவே ஒலிப்பதிவு அறையைப் பற்றிச் சொல்வதற்கு நான் பொறுப்பு. மேடையைப் பற்றிச் சொல்வதைச் சற்றுத் தள்ளுபடி செய்துகொண்டு படியுங்கள்.

நுட்பத் திறன் என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் தொடங்குகின்றன. நிமிடத்துக்கு 90 தட்டுகள் ஓடும் ஒரு பீட்டை (பாடலுக்கு அடியில் ஓடும் தாள இசையை) எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு தட்டுகள் சேர்ந்தது ஒரு பார். அதன் நீளம் ஏறத்தாழ 2.67 நொடி. ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்தால் ஒரு பாருக்கு 16 இடங்கள் கிடைக்கும். ஒரு வெர்ஸ் (பாடலில் ஒருவர் தொடர்ந்து பாடும் பகுதி) என்பது வழக்கமாக 16 பார், அதாவது 43 நொடிக்குச் சற்றுக் குறைவு. ராப்பருக்கு உள்ள சொத்து அவ்வளவுதான்: 256 இடங்கள். எந்த இடத்தில் எந்த அசையை வைப்பது, எந்த இடத்தைக் காலியாக விடுவது, ஸ்னேர் (டிரம்ஸின் கூர்மையான அடி) விழும் இரண்டாம், நான்காம் தட்டுகளின் மேல் எதை உட்கார வைப்பது, எதைத் தட்டுக்கு மயிரிழை பின்னால் தள்ளுவது, மூச்சை எங்கே ஒளித்து வாங்குவது, ஒலியொப்புமையை வரியின் கடைசியில் மட்டும் வைக்காமல் நடுவிலும் எப்படிப் பின்னுவது என்று இத்தனையும் சேர்ந்ததுதான் நுட்பம். (இங்கே அசை என்று நான் சொல்வது யாப்பின் நேரசை, நிரையசை அன்று, ஓர் உயிரொலியைச் சுற்றி நிற்கும் ஒலித்துண்டு என்ற எளிய பொருளில்தான்.)

வேகம் இவற்றுள் ஒன்று மட்டுமே. எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படாத ஒன்றும்கூட. 2013-இல் வெளியான எமினெமின் 'ராப் காட்' 6 நிமிடம் 4 நொடியில் 1,560 சொற்களைக் கொண்டது. வெற்றி பெற்ற தனிப்பாடல்களில் மிக அதிகச் சொற்கள் கொண்டதாகக் கின்னஸ் அதைப் பதிவு செய்தது. சராசரியாக நொடிக்கு நான்கு சொற்களுக்கு மேல் வருகிறது. அந்தப் பாடலைப் பலரும் அதன் அதிவேகமான சில நொடிகளுக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். காது கொடுத்துக் கேட்டால், அந்த நொடிகளுக்கு முன்னும் பின்னும் அவர் நடையை மாற்றிக்கொண்டே போவதுதான் கடினமான வேலை என்று தெரியும். ஒலிப்பதிவாளனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிவில் கேட்கும் வேகத்தை அப்படியே திறமைக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். இரண்டு பாரைப் பாடி நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த இரண்டு பாரை அதன் வாலோடு ஒட்டிப் பதிவது எங்கள் அன்றாட வேலை, பஞ்ச்-இன் என்போம். மூச்சொலிகளைக் கத்தரித்துவிட்டால் எல்லாம் ஒரே மூச்சில் பாடியது போலவே இருக்கும். யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை, இதில் ஏமாற்றும் ஒன்றும் இல்லை. ஆனால் பதிவைக் கேட்டு மயங்கிய ஒருவர் அதே வெர்ஸை மேடையில் கேட்டு ஏமாந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வேகத்துக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றி ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. 2019-இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்தது. 17 மொழிகளை ஒப்பிட்டது. வேகமாகப் பேசப்படும் மொழிகளில் ஓர் அசை சுமக்கும் தகவல் குறைவு, மெதுவாகப் பேசப்படுபவற்றில் அதிகம், ஆக எல்லா மொழிகளிலும் தகவலின் ஓட்டம் நொடிக்கு ஏறத்தாழ 39 பிட் (தகவலை அளக்கும் அலகு) என்ற அளவை ஒட்டியே அமைகிறது என்பது அதன் முடிவு. அது படித்துக் காட்டப்பட்ட உரைநடையைப் பற்றியது, ராப்பைப் பற்றியதன்று. அதை வைத்து நம் கேள்வியைத் தீர்க்க முடியாது. இருந்தாலும் நான் அறையில் காண்பதோடு அது ஒத்துப்போகிறது. வேகம் ஏற ஏற, கேட்பவர் ஒவ்வொரு சொல்லாக எடைபோடுவதை விட்டுவிட்டு ஒலியின் மேல் மிதக்கத் தொடங்குகிறார். பாடுபவரும் அறிந்தோ அறியாமலோ, வாய்க்கு ஏற்கெனவே பழகிய தொடர்களையே எடுக்கிறார். உங்கள் நண்பர் கொண்டாடும் வெர்ஸில் நீங்கள் கண்ட வெறுமைக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆழம் என்ற சொல்லும் அதே அளவுக்கு ஏமாற்றக்கூடியது. 2014-இல் மாட் டேனியல்ஸ் என்பவர் பல ராப்பர்களுடைய முதல் 35,000 சொற்களை எடுத்து, அவற்றுள் வெவ்வேறான சொற்கள் எத்தனை என்று எண்ணி வெளியிட்டார். முதலிடத்தில் 7,392 சொற்களோடு ஈசாப் ராக். கடைசியில் 3,214 சொற்களோடு டிஎம்எக்ஸ். அந்த டிஎம்எக்ஸின் முதல் ஐந்து தொகுப்புகளும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தவை. அவற்றில் அவர் கடவுளிடம் மன்றாடும் பகுதிகளைக் கேட்ட யாரும் அவரை ஆழமற்றவர் என்று சொல்லத் துணிய மாட்டார்கள். ஆக, சொல்வளம் ஆழமாகாது. கனமான கருப்பொருளும் தானாகவே ஆழமாகிவிடாது. வறுமையைப் பற்றி எழுதப்பட்ட மேலோட்டமான வரிகளை எவ்வளவோ பதிவு செய்திருக்கிறேன். மறுபக்கம், எம்.எஃப். டூம் என்ற ராப்பர் 2004-இல் ஒரு தொகுப்பு முழுவதையும் உணவுப் பெயர்களைச் சுற்றியே கட்டினார். கேட்கத் தொடங்கும்போது வெறும் கேலியாக இருக்கும் வரி, மூன்றாம் முறை வேறொரு பொருளில் திறந்துகொள்கிறது. என் வேலைக்கு உதவும் வரையறையைச் சொல்கிறேன், ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்: முதல் முறை கிடைக்காத ஒன்று இரண்டாம் முறை கிடைக்க வேண்டும், அது கிடைத்த பின் முதல் முறை கேட்டதும் மாறிப்போக வேண்டும். அதுதான் ஆழம்.

"உண்மையான ராப் என்றால் கருத்துதான்" என்று சிலர் அடித்துப் பேசுவார்கள். வரலாறு அவர்கள் பக்கம் முழுமையாக இல்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தை ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொள்வது மரபு. அந்த நாட்களில் மைக் பிடித்தவரின் வேலை ஆடுபவர்களின் உற்சாகத்தைக் குறையாமல் வைத்திருப்பது. 1979-இல் ராப்பைப் பெருங்கூட்டத்திடம் கொண்டுசேர்த்த சுகர்ஹில் கேங்கின் பாடல் முழுக்க முழுக்கக் கொண்டாட்டமும் தற்பெருமையும்தான். 1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷும் ஃப்யூரியஸ் ஃபைவும் வெளியிட்ட 'தி மெசேஜ்' நகரத்து வறுமையை எடுத்துப் பேசியபோது, அது வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் பேசியது. பொருள் உள்ளே வர, நடை இடம் விட்டது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வேகத்தைக் குறைப்பதும் நுட்பத்தின் பகுதியே என்பதை மறந்துவிட்டுத்தான் நுட்பமா ஆழமா என்று அணி பிரிகிறோம்.

அறையில் நடந்த ஒன்றை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியில் எனக்கு இருக்கும் நிலைப்பாடு அங்கிருந்து வந்தது. ஓர் இளைஞர் தம் அக்காவைப் பற்றி எழுதிய வெர்ஸோடு வந்தார். குடும்பத்தில் இருவரில் ஒருவர்தான் படிக்க முடியும் என்ற நிலையில் அக்கா நின்றுகொள்ள, இவர் படித்தார். காகிதத்தில் படித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. பாடத் தொடங்கியதும் எதுவும் நடக்கவில்லை. ஒரு வரி இப்படி இருந்தது: "எனக்காகப் படிப்பை விட்டுக்கொடுத்த என் அக்காவின் தியாகத்தை நான் எப்படி மறப்பேன்." எண்ணிப் பார்த்தோம், 27 அசைகள். இருப்பதோ 16 இடங்கள். அவர் அதை இரட்டை வேகத்தில் அடக்கிப் பார்த்தார். 'தியாகம்' என்ற சொல் 'தியாம்' என்று விழுந்தது. இரண்டு பாருக்குப் பரப்பிப் பார்த்தார். பேச்சுப் போட்டி போல ஆகிவிட்டது. மூன்று மணி நேரம் போன பிறகு, எரிச்சலோடு, "அக்கா என்ன செய்தாள் என்று சொல்லாதே, நீ என்ன பார்த்தாய் என்று சொல்" என்றேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: அக்காவின் பாடப்புத்தகங்களே தனக்கு வந்தன, அட்டையில் அவள் பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது.

வரி இப்படி ஆயிற்று: "அக்கா பேரை அடிச்சு, அட்டையில என் பேரு." முன்பாதி ஏழு அசை, பின்பாதி ஏழு அசை. எட்டாம் இடமும் பதினாறாம் இடமும் காலி. ஐந்தாம் இடத்தில், இரண்டாம் தட்டின் ஸ்னேரோடு, 'அடிச்சு' என்ற சொல்லின் முதல் அசை விழுகிறது. பதின்மூன்றாம் இடத்தில், நான்காம் தட்டின் ஸ்னேரோடு, 'என்' விழுகிறது. அக்கா, அடிச்சு, அட்டை என்று மோனை ஓடுகிறது. 'பேரை' போன வழியில் 'பேரு' திரும்பி வருகிறது. தியாகம் என்ற சொல் இல்லை, மறப்பேன் என்ற உறுதிமொழியும் இல்லை. இரண்டும் கேட்பவருக்குள் தாமாக எழுகின்றன. இந்த வரியில் ஆழம் எங்கே முடிந்து நுட்பம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் என்னால் கோடு கிழிக்க முடியாது. 16 இடங்களுக்குள் அடங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாமல் போயிருந்தால் அவர் அந்த அட்டையை நினைத்தே பார்த்திருக்க மாட்டார். வெண்பாவில் தளை தட்டாமல் சொல் தேடியவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. கட்டுப்பாடுதான் பல நேரங்களில் நல்ல சொல்லைக் கொண்டுவந்து தருகிறது.

ஆனால் இந்த ஒரு கதையை வைத்துக்கொண்டு "இரண்டும் ஒன்றே" என்று மழுப்பிவிட்டுப் போக எனக்கு விருப்பம் இல்லை. ஏனென்றால் ஆழம் இல்லாத நுட்பம் என்று ஒன்று நிச்சயமாக உண்டு, அது தனித்து நிற்கவும் செய்கிறது. எளிய சான்று நீங்களே: புரியாத மொழியின் ராப்பைக் கேட்டுத் தலையாட்டியிருப்பீர்கள். அங்கே உங்களுக்கு எட்டிய பொருள் சுழியம். ஆயினும் ஏதோ ஒன்று முழுமையாக வந்து சேர்ந்தது. தாளத்தை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கலையில் ஒருவர் 'தகதிமி' என்று அடுக்கும்போது அதற்கு அகராதிப் பொருள் தேடுவார் யாரும் இல்லை. செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் நம் பாட்டியல் நூல்கள் புலவர்களை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று நான்காகப் பிரித்தபோது, எழுத்தை வைத்து வித்தை காட்டும் சித்திரகவிக்கும் ஓர் இருக்கை கொடுத்தே வைத்தன. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் காளமேகம் தகர வரிசை எழுத்துகளை மட்டுமே கொண்டு பாடிய வெண்பாவை இன்றும் சொல்லிக் காட்டுகிறோம். எனவே "வெறும் வித்தை நிலைக்காது" என்பதைப் பொதுவிதியாக நான் ஏற்க மாட்டேன். ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன்: அந்த வெண்பாவைச் சொல்லிக் காட்டுபவரிடம் பொருள் கேட்டால் பலர் சிரித்து மழுப்புகிறார்கள். அதே காளமேகத்தின் சிலேடைகளைச் சொல்பவர் பொருளையும் சேர்த்தே சொல்கிறார். முன்னதைச் சாதனையாக நினைவில் வைத்திருக்கிறோம், பின்னதைப் பேச்சாக.

தமிழில் எழுதுபவர் என்பதால் உங்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஆங்கில ராப்பில் வரியின் கடைசியில் ஒலி ஒத்து வருவது உழைத்துப் பெற வேண்டியது. தமிழில் வினைமுற்று கடைசியில் வந்து நிற்பதால் அது இலவசமாகக் கிடைக்கிறது: வந்தேன், நின்றேன், சென்றேன் என்று எழுதிக்கொண்டே போகலாம், இயைபு தானாக விழும். தானாக விழுவதற்குத் திறமை என்று பெயர் இல்லை. அதனால்தான் நம் யாப்பு அடியின் தொடக்கத்தில் எதுகையையும் மோனையையும் முதன்மையாக வைத்தது என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகமே, இலக்கண நூலார் அப்படிக் காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று கூற வரவில்லை. நீளமான ஒப்புமைகளை வரிக்குள்ளே பின்னும்போதுதான் தமிழில் நுட்பம் வெளிப்படும். இப்போது நானே ஒன்றைக் கட்டிக் காட்டுகிறேன்: "கடன்பட்ட வீட்டில் உடன்பட்டு நின்றேன், திடங்கெட்ட பேச்சில் இடம்விட்டுச் சென்றேன்." கடன்பட்ட, உடன்பட்டு, திடங்கெட்ட, இடம்விட்டு என்று நான்கு முறை ஒரே ஓசை வருகிறது, பாடிக் கேட்டால் கைதட்டல் வாங்கும். முதல் பாதியில் பொருளும் இருக்கிறது: கடனில் மூழ்கிய வீட்டில் எதிர்த்துப் பேச வழியில்லாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டியவனைப் பார்க்கிறோம். ஆனால் 'திடங்கெட்ட பேச்சு' என்றால் என்ன? எனக்கே தெரியாது. ஓசை கேட்டது, நான் கொடுத்தேன். நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் ஒன்றாகச் சொல்லும் 'வெற்றெனத் தொடுத்தல்' இதுதான். (அதே பட்டியலில் 'கூறியது கூறல்' என்பதும் ஒரு குற்றம், திரும்பத் திரும்ப வரும் பல்லவியாக, ஹூக் என்ற பெயரில், ராப் அதை ஓர் அழகாகவே ஆக்கிக்கொண்டது, அது வேறு கதை.) உங்கள் நண்பரின் நாயகர் எழுதும் வரிகளில் எத்தனை 'திடங்கெட்ட பேச்சு' இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்து வரிக்கு ஒன்று என்றால் பெருந்தன்மையோடு விட்டுவிடலாம். வரிக்கு ஒன்று என்றால் உங்கள் உள்ளுணர்வு சரி.

தமிழுக்கே உரிய இன்னொரு செய்தி: குறிலும் நெடிலும் நமக்குப் பொருளை மாற்றும். வேகம் பிடிக்கும்போது முதலில் பலியாவது நெடில்தான். ஒருவர் 'வாழ்க்கை ஒரு பாடம்' என்று பாடியது பதிவில் 'வாழ்க்கை ஒரு படம்' என்றே கேட்டது. அதுவும் பொருந்தி வந்ததால் வரிகளை எழுத்தில் பார்க்கும் வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. (படம் என்பதே நல்ல வரி என்று நான் சொன்னேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை.) நெடிலுக்கு உரிய நேரத்தைக் கொடுத்தபடியே வேகமாகப் போவதும், ஒற்று இரட்டிக்கும் இடத்தில் நாக்கை நிறுத்தி எடுப்பதும் தமிழ் ராப்பில் அடிப்படை நுட்பங்கள். இங்கே நுட்பக் குறை நேரடியாகவே பொருட்குறை.

நுட்பம் பொருளுக்குப் புதிய இடம் உண்டாக்கித் தருவதற்குப் பெரிய எடுத்துக்காட்டு அமெரிக்க ராப்பர் ரக்கிம். 1987-இல் எரிக் பி.யோடு வெளியிட்ட முதல் தொகுப்பில் அவர் செய்த மாற்றம், ஒலியொப்புமையை வரிக்குள் இறக்கி, வாக்கியத்தைப் பாரின் எல்லையில் நிறுத்தாமல் அடுத்த பாருக்குள் ஓடவிட்டது. அவர் சாக்ஸபோன் வாசித்தவர். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் வாசிப்பிலிருந்து கற்றதாகச் சொல்பவர். அதற்கு முன் ஒரு வரிக்கு ஓர் எண்ணம் என்றே பெரும்பாலும் இருந்தது. அவருக்குப் பின் எண்ணம் நாலு வரிக்கு நீளலாம் என்றாயிற்று. அவருடைய அன்றைய வரிகள் பலவும் தற்பெருமையே, பொருளாழத்தில் 'தி மெசேஜ்' பக்கம்கூட வராதவை. ஆனால் பின்னால் வந்த ஆழமான எழுத்தாளர்கள் அவர் திறந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

மறுமுனையில் அமெரிக்க ராப்பர் கென்ட்ரிக் லமார். 2017-இல் வந்த 'டேம்' தொகுப்புக்காக 2018-இல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றார். செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்தப் பரிசு போனது அதுவே முதல் முறை. அந்தத் தொகுப்பின் பாடல்களை வரிசை மாற்றிக் கடைசியிலிருந்து முதலுக்கு அடுக்கிய பதிப்பு ஒன்றும் அதே ஆண்டில் வந்தது. அப்படிக் கேட்டால் கதையின் போக்கே வேறாகிறது. நமக்கு உடனே நினைவுக்கு வருவது சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருவது. அங்கே எழுத்துகள் திரும்பி வருகின்றன, உரை இல்லாமல் எனக்குப் பொருள் விளங்குவதில்லை. இங்கே திரும்பி வருவது கதை, உரை தேவைப்படவில்லை. எது கடினம் என்று கேட்டால் சம்பந்தருடையதைத்தான் சொல்வேன். எது எனக்குள் தங்கியது என்று கேட்டால் பதில் வேறு.

இனி நேரடியாகச் சொல்கிறேன். எனக்கு உறுதியாகத் தெரிவது இரண்டு. நுட்பம் இல்லாத ஆழம் ராப்பில் தோற்றுப்போகும். அது நல்ல கவிதையாகவோ நல்ல கட்டுரையாகவோ வேறிடத்தில் பிழைத்துக்கொள்ளலாம், பீட்டின் மேல் பிழைக்காது. ஆழம் இல்லாத நுட்பம் தோற்பதில்லை. கேட்கும் நேரத்தில் அது முழு நிறைவையும் தரக்கூடும், பேட்டில் மேடையில் அதுவே வெல்லவும் கூடும். ஆகவே மிஞ்ச முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு, ஒரு பாடலின் அளவில், முடியும் என்பதே என் பதில். ஆழத்தைப் போற்றுபவர்கள் ஒப்புக்கொள்ள விரும்புவதைவிட அடிக்கடி முடியும். ஒருவரின் பத்து ஆண்டுப் பாடல்களை வரிசையாக வைத்துக் கேட்கும்போதும் இது பொருந்துமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். வித்தையை மட்டும் நம்புபவர் ஒவ்வொரு முறையும் முந்தைய வித்தையை மிஞ்ச வேண்டியிருக்கிறது, ஒரு கட்டத்தில் நாக்கு ஒத்துழைக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நான் பார்த்த சிலரை வைத்து வந்த எண்ணம் இது, விதியாகச் சொல்ல மாட்டேன்.

உங்கள் நண்பரிடம் வாதாடுவதால் பயன் இருக்காது. அவர் காதில் கேட்பதைச் சொல்கிறார், நீங்கள் காகிதத்தில் பார்த்ததைச் சொல்கிறீர்கள். ராப்பைக் காகிதத்தில் மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது, ராகத்தைத் தாளில் எழுதிப் பார்த்துக் குறை சொல்வதைப் போன்றது. அந்த அளவில் அவர் பக்கம் நியாயம் உண்டு.

எதை முதலில் பழகுவது என்ற கேள்விக்கு: நுட்பத்தை, ஆனால் வேகத்தை அன்று. கட்டம் போட்ட தாளில் ஒரு பாருக்கு 16 கட்டங்கள் வரைந்து, நீங்கள் ஏற்கெனவே எழுதிய வரிகளில் நான்கை எடுத்து, ஒரு கட்டத்துக்கு ஓர் அசையாக நிரப்புங்கள். மிஞ்சுவதை வேகப்படுத்தி உள்ளே திணிக்காமல் வெட்டுங்கள். பாருக்கு இரண்டு கட்டமாவது காலியாக இருக்கட்டும். மெட்ரோனோமை (சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் தாளக் கருவியை) 90-இல் வைத்து, வரிகளை முன்பின் பார்த்திராத ஒருவரிடம் பாடிக் காட்டி, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தவறாகச் சொன்ன அசைகளின் மேல் வட்டம் போடுங்கள். ஒரு வாரம் செய்த பிறகு தாள்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் வட்டங்கள் எங்கே கூடியிருக்கின்றன என்று தெரியும். என்னிடம் வருபவர்களுக்கு அவை பெரும்பாலும் கடைசி நான்கு கட்டங்களில், மூச்சு தீரும் இடத்தில்தான் இருக்கும், அவர்கள் சொல்ல வந்த முக்கியமான சொல்லையும் அங்கேதான் வைத்திருப்பார்கள்.